நானூறு மீற்றரும் என் இழைமணிகளும்

“டீச்சர், நீங்க எப்பவாவது ஓடியிருக்கிறீங்களா?”

வெண்பலகையில் ஒரு தசைக் கலத்தைப் பெரிதாக வரைந்து, அதற்குள் அவரை விதை போல மைற்றோகொண்ட்ரியா என்னும் இழைமணிகள் நாலைந்தையும் போட்டுவிட்டுத் திரும்பியபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவள் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் படிக்க வருகிற பிள்ளை. எங்கள் பாடசாலை ஓட்ட அணியில் அவளுக்கு எப்போதும் ஓரிடம் உண்டு. உயிரியலில் சுமார்தான். ஆனால் ஓட்டம் என்று வந்துவிட்டால் வகுப்பில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

உயர்தர வகுப்புக்கு நான் உயிரியல் படிப்பிக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடங்களாகின்றன. கலங்கள் சக்தியை எப்படிப் பெறுகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த பாடம். நாம் சாப்பிட்ட சோறு குளுக்கோசாகிக் கலத்துக்குள் போவது, அங்கே உடைவது, இழைமணிக்குள் ஒட்சிசனின் உதவியோடு முழுதாக எரிந்து முடிவது, அதில் வரும் சக்தி ஏ.ரி.பி. என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகளில் ஏற்றப்படுவது, தசையோ மூளையோ கேட்கும்போது அந்த ஏ.ரி.பி. உடைந்து வேலையை நடத்திக் கொடுப்பது. இவ்வளவையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அன்று ஓடுகிறவர்களின் தசையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மிக வேகமாக ஓடும்போது தசைக்கு ஒட்சிசன் போதாது, அப்போது கலம் குளுக்கோசை அரைகுறையாக உடைத்து அவசரத்துக்குச் சக்தி எடுக்கும், லக்டிக் அமிலம் உண்டாகும் என்று விளக்கிவிட்டு, “ஓடினதுக்கு அடுத்த நாள் கால் நோகுதெண்டு சொல்லுறனீங்களெல்லோ? இந்த லக்டிக் அமிலம் தேங்கி நிக்கிறதாலதான்” என்று வழக்கம்போல முடித்தேன். அதன்பிறகுதான் அவள் கேட்டாள்.

உண்மையைச் சொன்னால், நான் ஓடியதே இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் விளையாட்டுப் போட்டி வந்தால், ஓடி முடித்தவர்களுக்குக் குளுக்கோசு கரைத்துக் கொடுக்கும் மேசையில்தான் நிற்பேன். வெயில் படாத இடம் அது. எலுமிச்சைத் துண்டும் இருக்கும். ஆனால் முப்பத்தாறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதையெல்லாம் சொல்ல மனம் வரவில்லை.

“ஓடாட்டி என்ன? இனி ஓடலாம்தானே” என்றேன்.

“அப்ப இந்த முறை டீச்சர்மாருக்கு நானூறு மீற்றர் இருக்கு. பேர் குடுப்பமா?”

வருடா வருடம் ஆசிரியைகளுக்குச் சங்கீதக் கதிரைதான். அந்த வருடம் மாணவிகளே கேட்டு, அதை மைதானத்தை ஒருதரம் சுற்றி ஓடும் போட்டியாக மாற்றியிருந்தார்கள். அவள் சொல்லித்தான் அது எனக்குத் தெரிய வந்தது. “குடுங்கோ” என்று சொல்லிவிட்டேன். வகுப்பு எழுப்பிய சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து கணித ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஆசிரியர் அறைக்கு நான் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே என் மேசைக்குப் பக்கத்து மேசை புவியியல் ஆசிரியையுடையது. தெஹிவளையில் இருக்கிறார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பதினைந்து வருடமாக ஒருவர் சாப்பாட்டை ஒருவர் பிரித்துத் தின்று பழகிய சிநேகம். ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவோம். முக்காட்டைச் சரிசெய்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன டீச்சர், ஒங்களுக்கு இந்த வயசில ஓட்டம் தேவையா?”

“வாய் தவறிச் சொல்லிப்போட்டன்.”

“சொன்னா சொன்னதுதான். புள்ளயள்ட மொகத்தில முழிக்க வேணுமே. நானும் பேர் குடுக்கிறன். ஒங்கள தனிய உட்டா எங்கயாச்சும் உழுந்து கெடப்பீங்க.”

என் கணவர் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். நாங்கள் குடியிருப்பது வெள்ளவத்தையிலேயே ஒரு தொடர்மாடியின் மூன்றாவது மாடியில். “லிஃப்ட் வேலை செய்யேல்லையெண்டால் கீழ வாச்சர் கதிரையில குந்திக்கொண்டு எனக்கு ஃபோன் எடுக்கிற ஆள் நீர். நீர் ஓடப் போறீரோ?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை என்னைக் காலி வீதிக்குக் கூட்டிப்போய் ஓடுகிற சப்பாத்து வாங்கித் தந்தார். ஊதா நிறம். வேறு நிறத்தில் என் அளவு இருக்கவில்லை.

போட்டிக்கு ஆறு கிழமைகள் இருந்தன. காலை ஐந்தரைக்குக் கடலோரத்து மரீன் டிரைவில் பயிற்சி என்று முடிவாயிற்று. புவியியல் டீச்சர் தெஹிவளையில் ரயில் ஏறி ஒரு தரிப்பிடம் வந்து இறங்கி, நிலையத்திலிருந்து நடந்து வருவார். அந்த நேரத்திலும் அந்தத் தெருவில் சனம் இருக்கும். காற்சட்டை போட்ட வயோதிபர்கள் கைகளை வீசி நடப்பார்கள். கலியாணம் பேசும் தாய்மார் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒரு பக்கம் கடல், நடுவில் தண்டவாளம், மறுபக்கம் மாடிக் கட்டடங்கள்.

முதல் நாள் அனுபவம் மறக்காது. “ரெடி” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புறப்பட்டேன். முதல் பத்துச் செக்கன் பறந்தேன் என்றே சொல்லவேண்டும். ‘இவ்வளவுதானா ஓட்டம்!’ என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த குறுக்கு ஒழுங்கை முகப்பு வருவதற்குள் மூச்சு அறுந்தது. ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

நின்ற நிலையில் எனக்குள் பாடப்புத்தகம் திறந்தது. தசைக்குள் எந்த நேரமும் ஆயத்தமாக இருக்கும் ஏ.ரி.பி. ஓரிரு செக்கனுக்குத்தான் காணும். அது முடிந்ததும் கிரியேற்றின் பொஸ்பேற்று என்ற இன்னொரு சிறு சேமிப்பு பத்துச் செக்கன் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதன் பிறகு தசை தன்னிடம் கிளைக்கோசனாகச் சேர்த்து வைத்த குளுக்கோசை உடைத்தாக வேண்டும். ஒட்சிசன் வந்து சேர்ந்தால் நிறையச் சக்தி, வராவிட்டால் கொஞ்சம். இருபத்திரண்டு வருடமாக நான் பலகையில் கீறிய அந்த அம்புக்குறிகள் எல்லாம் என் தொடைக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கின்றன என்பது அந்த விளக்குக் கம்பத்தடியில்தான் எனக்கு உறைத்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்துவிட்டேன்.

புவியியல் டீச்சர் மெதுவாக வந்து சேர்ந்தார். அவருக்கு மூச்சே வாங்கவில்லை.

“இப்பிடி ஓடினா சரிவராது டீச்சர். கதைச்சிக்கொண்டே ஓட ஏலுமெண்டா அதுதான் சரியான வேகம். என்ட மகன் கிரிக்கெட் பழகக்கொள்ள அவன்ட கோச் சொல்லிக் குடுத்தது.”

அதிலிருந்து அவர் கதைப்பார், நான் கேட்டுக்கொண்டு ஓடுவேன். மகளுக்கு வந்த சம்பந்தங்கள், வீட்டுக்கார அம்மாவின் பூனை, புவியியல் புத்தக மொழிபெயர்ப்பில் பெயர் மாறிப்போன ஆறுகள், இரத்மலானையில் இருக்கிற நாத்தனார் செய்யும் வட்டிலப்பம் ஏன் சரிவருவதில்லை என்ற ஆராய்ச்சி. எனக்குப் பதில் சொல்ல எவ்வளவோ இருந்தது. மூச்சுத்தான் இருக்கவில்லை. “ம்” என்று சொல்வதற்கே ஒரு விளக்குக் கம்பத்துக்கு முன்னரே ஆயத்தப்பட வேண்டியிருந்தது. என் கணவர் கடற்கரைப் பக்கத்துச் சுவரில் பிளாஸ்க்கும் பத்திரிகையுமாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தாமலே, “இன்னும் உயிரோடதான் இருக்கிறீரோ?” என்று கேட்பார்.

நாலாம் கிழமையில் ஒரு நாள். நாத்தனாரின் வட்டிலப்பம் பற்றிய பேச்சு மறுபடி வந்தபோது, “அவ கருப்பட்டியைக் காய்ச்சாமப் போடுறா போல. தேங்காய்ப்பாலும் முதற்பாலா இருக்க வேணும்” என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. ஓட்டத்தை நிறுத்தாமலே ஒருவரையொருவர் பார்த்தோம்.

“அல்ஹம்துலில்லாஹ்! டீச்சருக்கு வாய் தெறந்திட்டுது” என்றார் அவர்.

“இழைமணிதான் டீச்சர். ஒவ்வொரு நாளும் ஓடினா தசைக்குள்ள இருக்கிற இழைமணி கூடும். கூடினா ஒட்சிசனை வடிவாப் பாவிக்கலாம். மூச்சு வாங்குறது குறையும்.”

“கூடுமெண்டா? புதுசாப் பொறக்குமா?”

“ஓம். இருக்கிறது வளர்ந்து ரெண்டாப் பிரியும்.”

“அப்ப இந்த ஒரு மாசத்தில ஒங்கட கால்ல எத்தின புள்ள பொறந்தீக்கும்?” என்று கேட்டார். எங்கள் பக்கமாக நடந்து வந்த ஒரு மனிதர் திரும்பிப் பார்த்து நடையைக் கூட்டினார். அதன் பிறகு இருவராலும் ஓட முடியவில்லை. சுவரில் சாய்ந்து நின்று சிரித்தோம்.

போட்டி நாள் நல்ல வெயில். மைதானத்தைச் சுற்றி விளையாட்டு இல்லங்களின் நிறங்களில் கூடாரங்கள். ஆசிரியைகளின் ஓட்டம் மதியத்துக்குச் சற்று முன்னர். ஆறு பேர் நின்றோம். பல்கலைக்கழகம் முடித்து அந்த வருடம்தான் வந்து சேர்ந்த ஆங்கில ஆசிரியை, நாங்கள் இருவர், நடன ஆசிரியை, நூலகப் பொறுப்பாளர், ஆரம்பப் பிரிவிலிருந்து ஒருவர். கொட்டாஞ்சேனைப் பிள்ளை கோட்டுக்குப் பக்கத்தில் வந்து என் காதுக்குள் சொன்னாள்:

“டீச்சர், முதல் நூறு மீற்றர்ல ஆரையும் பாக்காதீங்க. ஆர் முன்னுக்குப் போனாலும் விடுங்க. உங்கட ஓட்டத்தை மட்டும் ஓடுங்க.”

“ஓம் ஓம்” என்றேன்.

விசில் ஊதியதும் எல்லாம் மறந்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தாறு பேரும் கூடாரத்திலிருந்து “ஏ! ரி! பி! ஏ! ரி! பி!” என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கேட்டு யாரால் மெதுவாக ஓட முடியும்? ஊதாச் சப்பாத்து இரண்டும் நிலத்தில் பட்டதாகவே தெரியவில்லை. முதல் வளைவில் நடன ஆசிரியையைத் தாண்டினேன். இரண்டாவது வளைவுக்கு முன்னர் ஆங்கில ஆசிரியையையும் தாண்டிவிட்டேன். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் முதலில் தமிழிலும் பிறகு சிங்களத்திலும் நான் முன்னணியில் இருப்பதாகச் சொன்னார். என் வாழ்க்கையில் ஒலிபெருக்கியில் என்னைப் பற்றிச் சொன்னது அதுவே முதல் தடவை.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர் மட்டும் உள்வட்டத்தில் நின்றபடி கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். அவர் சிங்களவர். எங்களோடு தமிழில்தான் கதைப்பார், பதற்றத்தில் சிங்களம் வந்துவிடும். “ஹெமின், மிஸ், ஹெமின்!” மெதுவாகப் போகச் சொல்கிறார் என்று விளங்கியது. ஆனால் காலுக்கு விளங்கவில்லை.

இருநூற்றைம்பது மீற்றர் அளவில் அது வந்தது. களைப்பு என்று அதைச் சொல்ல முடியாது. தொடைகளுக்குள் யாரோ சீமெந்து ஊற்றியது போல இருந்தது. காலைத் தூக்கு என்று மூளை சொல்கிறது, கால் யோசித்துவிட்டு ஒரு சாணுக்குத் தூக்குகிறது. நெஞ்சு பற்றி எரிந்தது. ஆங்கில ஆசிரியை மான் போல என்னைக் கடந்து போனார். அடுத்து நடன ஆசிரியை. பிறகு, இடது பக்கத்தில், மரீன் டிரைவில் கேட்ட அதே குரல்.

“நில்லாதீங்கொ டீச்சர். மூச்ச உடுங்கொ. நல்லா உடுங்கொ. இந்தா வந்திட்டுது. நான் முன்னுக்குப் போறன், கோவிக்காதீங்கொ.”

சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார். மூச்சு வாங்காமல், கதைத்துக்கொண்டே போய், கடைசி வளைவில் நடன ஆசிரியையையும் முந்தி இரண்டாவதாக வந்தார். நான் நாலாவது. நூலகப் பொறுப்பாளரும் ஆரம்பப் பிரிவு ஆசிரியையும் எனக்குப் பின்னால் கைகோத்துக்கொண்டு, பார்வையாளர்களுக்குக் கையசைத்தபடி நடந்து வந்தார்கள். அவர்களை வெல்வது பெரிய காரியமில்லை. ஆனால் என் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. கூடாரத்தை விட்டு ஓடிவந்து, புல்லில் மல்லாந்து கிடந்த என்னைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். வானத்தையும் முப்பத்தாறு முகங்களையும் பார்த்தபடி கிடந்தேன். அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன் எப்போது கிடந்தேன் என்று ஞாபகமில்லை.

அடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். மாடிப்படியில் ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் சித்திரவதை. பாடசாலைப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினேன். வகுப்புக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்ததும், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று தோன்றியது.

“பாத்தீங்களே? இதுதான் நான் அண்டைக்குச் சொன்ன லக்டிக் அமிலம்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை சிரிக்கவில்லை. கையைப் பாதி தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள்.

“டீச்சர், கோவிக்க மாட்டீங்களெண்டா ஒண்டு சொல்லட்டா?”

“சொல்லுங்கோ.”

“அது லக்டிக் அசிட் இல்லையாம். ஓடி முடிஞ்சு ஒரு மணித்தியாலம் மட்டில அது தசையில இருந்து போயிடுமாம். ஸ்போர்ட்ஸ் சேர் சொன்னவர். அப்பிடியெண்டா ரெண்டாம் நாள் எப்பிடி நோகும்?”

எனக்கு முதலில் காது சூடேறியது. உயிரியலில் சுமாரான பிள்ளை, அதுவும் விளையாட்டு ஆசிரியர் சொன்னதை வைத்துக்கொண்டு எனக்குச் சொல்கிறாள். அந்த நினைப்பு வந்தவுடனேயே அதைப் பற்றி வெட்கமும் வந்தது. கேள்வி நல்ல கேள்வி. ஒரு மணித்தியாலத்தில் போய்விடுகிற ஒன்று இரண்டு நாள் கழித்து என்னை ஏன் பின்பக்கமாகப் படி இறங்க வைக்கிறது?

“நாளைக்குப் பாத்துச் சொல்லுறன்” என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டில் மேசை முழுக்கப் புத்தகங்களைப் பரப்பினேன். கணினியிலும் தேடினேன். அவள் சொன்னது சரி. ஓடும்போது உண்டாகும் அந்தப் பொருள் தசையில் தேங்கிக் கிடப்பதில்லை. இரத்தத்தில் கலந்து போகிறது. அதில் ஒரு பங்கை இதயம் எடுத்துத் தன் எரிபொருளாகப் பாவிக்கிறது. ஒரு பங்கை ஈரல் எடுத்து மறுபடி குளுக்கோசாக்கி அனுப்புகிறது. நான் இத்தனை வருடம் கழிவு என்று சொல்லிக்கொடுத்தது உண்மையில் நல்ல சாப்பாடு. அடுத்த நாள் வலிக்குக் காரணம் வேறு: பழக்கமில்லாமல் வேலை வாங்கியதில் தசை நார்களில் நுண்ணிய சேதம், அதை ஆற்றுவதற்காக உடம்பு அங்கே செய்யும் வேலை.

இன்னொன்றும் பார்த்தேன். பாடத்திட்டத்தில் அடுத்த நாள் வலியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்த வசனம். யாரிடமோ எப்போதோ கேட்டது, பாடம் சுவையாக இருக்கட்டும் என்று சேர்த்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சுவையைப் பரிமாறியிருக்கிறேன்.

மறுநாள் வகுப்பில் அப்படியே சொன்னேன். “நான் சொல்லித் தந்தது பிழை. இவ சொன்னது சரி. எல்லாரும் கொப்பியைத் திறந்து அந்த வசனத்தை வெட்டுங்கோ.” முப்பத்தாறு பேனாக்கள் கோடு கிழிக்கும் சத்தம் கேட்டது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். காது வரை சிரிப்பு. அதன் பிறகு அவள் பின்வரிசை வாங்கிலிருந்து இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டாள். கேள்விகளும் கூடிவிட்டன, சிலவற்றுக்கு இன்றும் எனக்குப் பதில் தெரியாது.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. இந்த முப்பத்தாறு பேர் வெட்டிவிட்டார்கள், இருபத்திரண்டு வருடத்துப் பிள்ளைகள்? பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. பிறந்தநாளும் பொங்கலும் தவிர அதில் நான் எதுவும் எழுதியதில்லை. அன்று நீளமாக ஒரு செய்தி எழுதினேன். நான் ஓடியது, வலித்தது, பிழையாகப் படிப்பித்தது, சரியான காரணம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

பதில்கள் கொட்டின. இப்போது வைத்தியராக இருக்கும் ஒருத்தி எழுதினாள்: “எங்களுக்குக் கம்பஸ் முதல் வருசமே தெரியும் டீச்சர். நீங்க சொன்னதைப் பிழையெண்டு சொல்ல மனம் வரேல்ல.” அதற்குக் கீழே இன்னும் நாலு வைத்தியர்கள் ‘எனக்கும்’ என்று போட்டிருந்தார்கள். பலர் என் ஊதாச் சப்பாத்தின் படம் கேட்டார்கள். கனடாவில் இருக்கும் ஒருத்தி எழுதியதைத்தான் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன்: “டீச்சர், ரேர்ம் டெஸ்டில நான் ‘தசைநார் காயப்படுறதால நோகுது’ எண்டு எழுதினதுக்கு நீங்க சிவப்புப் பேனையால பெரிய பிழை போட்டனீங்கள். நான் ரொய்லெட்டுக்குள்ள போய் அழுதனான். இப்ப அந்த ரெண்டு மார்க்ஸைத் தருவீங்களா?”

“தந்தாச்சு. உமக்கு எண்பத்தாறு இல்லை, எண்பத்தெட்டு” என்று பதில் போட்டேன். எண்பத்தாறு என்பதை நான் கற்பனையாகத்தான் எழுதினேன். அவள் உடனே திருத்தினாள்: “எழுபத்தொண்டு, டீச்சர்.” குழு முழுக்கச் சிரிப்புப் படங்கள்.

அடுத்த கிழமை நோன்பு மாதம் தொடங்கியது. ஆசிரியர் அறையில் பத்து மணித் தேநீர் வரும்போது புவியியல் டீச்சர் தன் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருப்பார். காலை ஓட்டத்தை நிறுத்திவிட்டார், ஆனால் பின்னேரம் நோன்பு திறப்பதற்கு முன்னர் தெஹிவளைக் கடற்கரையில் மெதுவாக நடப்பாராம்.

“சாப்பிடாமக் குடிக்காம எப்பிடி நடக்கிறீங்கள்?”

“நீங்கதானே உயிரியல் டீச்சர், என்னட்டக் கேக்கிறீங்க? ஒரு நாள் நோன்பு புடிச்சுப் பாருங்கொ.”

பிடித்துத்தான் பார்ப்போம் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை விடியமுன் எழுந்து சிவப்பரிசிப் புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டு, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். கணவரும் துணைக்கு நோன்பு என்று அறிவித்தார். காலை பத்து மணிக்கு அடுப்படியில் பிஸ்கற் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. “நான் மேற்பார்வை மட்டும்” என்றார்.

மதியம் தலை இடித்தது. அது பசியல்ல, தேநீர் இல்லாத கோபம். இரண்டு மணிக்கு யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. நாலு மணிக்கு, நான் எதிர்பார்க்காத விதமாக, எல்லாம் லேசாகிவிட்டது. ஈரல் தன்னிடமிருந்த கிளைக்கோசனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்து இரத்தத்தில் குளுக்கோசு குறையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது, தசைகள் கொழுப்பை எரிக்கத் தொடங்கியிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இடுப்பில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்து நான் திட்டிக்கொண்டிருந்த அதே கொழுப்பு. அன்று அதன் மேல் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது.

பின்னேரம் நானும் கணவரும் தெஹிவளைக்குப் போனோம். புவியியல் டீச்சரோடு மூன்று பேருமாகக் கடற்கரையில் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். மேசையில் பேரீச்சம்பழம், கட்லட், வெட்டிய தர்ப்பூசணி, நடுவில் பெரிய சட்டியில் கஞ்சி. றம்பை இலையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வாசனை. அவருடைய கணவர், மகள், மகன், நாங்கள் இருவர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசாமல் காத்திருந்தோம். பசித்த வயிறோடு, முன்னால் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே குரலுக்காகக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிட அமைதி எனக்குப் புதிது. பிறகு பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

பேரீச்சம்பழத்தைக் கடித்தேன். இனிப்பு நாக்கில் பட்டதும் உடம்பு முழுவதும் தலைநிமிர்ந்தது போல இருந்தது.

“இது இப்ப நேர இரத்தத்துக்குப் போய், அங்கயிருந்து கலத்துக்குள்ள...” என்று தொடங்கினேன்.

“டீச்சர், பாடம் திங்கக்கெழம எடுப்பம். இப்ப கஞ்சியக் குடிங்கொ” என்றார் புவியியல் டீச்சர். கோப்பையை என் கையிலேயே தந்துவிட்டார்.

நான் இரண்டு கோப்பை குடித்தேன். என் கணவர் மூன்று. கஞ்சியின் செய்முறையைக் கேட்டு அவர் ஒரு துண்டில் எழுதிக்கொண்டது எனக்கே ஆச்சரியம். புறப்படும்போது மகள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மீதிக் கஞ்சியை ஊற்றித் தந்தாள். காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றோம். இரண்டு பஸ் நிறைந்து வழிந்துகொண்டு போயின.

“நடப்பமே? கிட்டத்தானே” என்றார் கணவர்.

பாத்திரத்தை அவர் வாங்கிக்கொண்டார். கடைகளின் வெளிச்சத்தில், நாத்தனாரின் வட்டிலப்பத்தை எப்படித் திருத்தலாம் என்று கதைத்துக்கொண்டே, வெள்ளவத்தை வரை நடந்து வந்தோம்.